அண்ணன்களுக்குக் கிடைக்காத பங்கு

எங்கள் அச்சகத்தில் என் கண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு. சிவகாசியில் அச்சகத்துக்கும் பஞ்சமில்லை, கண் உள்ளவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பட்டாசுப் பெட்டிக்கான லேபிள் மெஷினில் ஏறியதும் முதல் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். போன சீசன் பெட்டியில் இருந்த சிவப்பும் இந்தச் சீசன் சிவப்பும் ஒன்றுதானா என்று நான் சொல்ல வேண்டும். ஜன்னல் ஓரமாகப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மை ஒரு மயிரிழை ஏறியிருந்தாலும் என் கண்ணை உறுத்தும். மெஷின் ஓட்டுகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே மையைக் குறைப்பார், இன்னொரு தாள் வரும். நான் கையெழுத்துப் போடாமல் லோடு கிளம்பாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்டவள் வயிற்றில் பிறந்த ஒரே மகனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க வராது என்பது, அவனுக்கு மீசை முளைத்து வெகுகாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவனுக்கு ரயில் எஞ்சின் ஓட்ட வேண்டும். சாத்தூரில் என் அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஸ்டேஷனில் போய் நின்றுகொள்வான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தான், எழுத்துத் தேர்வுகளில் தேறினான், கடைசியாக உடல் தகுதிச் சோதனைக்குப் போனான். அங்கே ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும், அதைப் படிக்க வேண்டும். இவனுக்குப் புள்ளி தெரிந்தது, எண் தெரியவில்லை. அதோடு முடிந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் தெரிவது சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்று சந்தேகப்படுகிறவன் ஓட்டும் ரயிலில் நானும் ஏற மாட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அடையாளம் முன்பே இருந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மற்றப் பிள்ளைகள் கலர் மத்தாப்புப் பெட்டிக்கு அடித்துக்கொள்ளும். இவன் அதைத் தொடமாட்டான், அணுகுண்டுதான் வேண்டும் என்பான். போர்மேன் பிள்ளை பயமறியாதவன் என்று தெருவே மெச்சியது, என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையில் சிவப்புக் குச்சியும் பச்சைக் குச்சியும் அவனுக்கு ஒரே மாதிரி எரிந்திருக்கின்றன. அதில் என்ன சுவாரசியம் இருக்கும்?

என் கணவர் ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மணி மருந்துப் பிரிவு அவர் பொறுப்பு. வாணவெடி மேலே போய்ச் சிவப்பும் பச்சையுமாகச் சிதறுகிறதே, அந்த நிறத்தைத் தருகிற சின்னச் சின்ன உருண்டைகளுக்குத்தான் மணி மருந்து என்று பெயர். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்ணில் ஒரு மினுமினுப்பு மிச்சமிருக்கும். எனக்கு அந்தக் கை பிடிக்கும்.

இங்கே எது நடந்தாலும் பழியை மருந்தின் மேல் போட்டுவிடலாம். முடி கொட்டினால் மருந்து, பிள்ளை தங்காவிட்டால் மருந்து, இருமினாலும் மருந்து. எத்தனையோ பேரின் கையையும் உயிரையும் அது எடுத்திருப்பதால் அதற்காக வாதாட யாரும் வருவதில்லை. ஆகவே மகன் கண் விஷயம் தெரிந்த அன்றே தெருவில் தீர்ப்பு எழுதியாயிற்று. அப்பன் காலமெல்லாம் கலர் மருந்தில் கை வைத்தான், அது உடம்பில் ஊறி, பிள்ளை கண்ணில் இறங்கிவிட்டது. கேட்பதற்கு ரொம்பப் பொருத்தமாகத்தான் இருந்தது. சிவப்பும் பச்சையும் செய்கிறவன் பிள்ளைக்குச் சிவப்பும் பச்சையும் போய்விட்டது என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

மகனும் நம்பினான். ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஊர்ல வேற வேலையே கெடைக்கலையாப்பா உங்களுக்கு? நீங்க பாத்த வேலைக்கு நான் அனுபவிக்கேன்."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம். கம்பெனியிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தார்கள். இனிமேல் மருந்தைத் தொடுவதில்லை என்று சொல்லி அனுப்பினார். ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், ஒன்றாம் தேதி போய்ச் சேர்ந்துகொள்ளப் போவதாகவும் என்னிடம் சொன்னார். அது மாத்திரமா? ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் தன் தட்டில் விழுந்த நல்ல துண்டை எடுத்து மகன் தட்டில் வைப்பது அவர் பழக்கம். மகன் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் விடவில்லை, நான் கேலி செய்துகொண்டே இருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை துண்டை எடுத்தார், தன் விரலைப் பார்த்தார், திரும்பத் தன் தட்டிலேயே போட்டுவிட்டார். வேலை போனால் இன்னொரு வேலை. தன் கையைப் பார்த்துத் தானே அருவருக்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

போதாக்குறைக்கு சாத்தூரிலிருந்து என் அப்பாவும் போனில் ஓதினார். அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பட்டாசுக் கம்பெனிக்காரருக்கு என்னைக் கொடுத்ததில் அவருக்கு என்றைக்கும் மனம் ஒப்பியதில்லை. என் கணவரை ஒரு நாளும் மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை, எப்போதும் "அவர்"தான். எல்லாம் அவர் தொடுகிற மருந்தால் வந்தது, நான் அப்போதே சொன்னேன் என்றார். போனைப் பட்டென்று வைத்தேன்.

அழுதுகொண்டு உட்காருவது எனக்கு வராது. மகனைக் கூட்டிக்கொண்டு விருதுநகரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா அவனை நன்றாகச் சோதித்துவிட்டு, கண் கெடவில்லை, பிறக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். பிறகு அவன் அப்பாவைப் பற்றிக் கேட்பார் என்று நான் காத்திருக்க, என்னைப் பார்த்து, உங்கள் அப்பாவுக்கு நிறம் தெரியுமா என்று கேட்டார். என் அப்பாவா? அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

டாக்டர் சொன்னதை நான் என் தொழிலில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் செய்தி எக்ஸ் என்கிற குரோமோசோமில் இருக்கிறது. அதை அச்சுப் பிளேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு இரண்டு பிளேட், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் கோளாறு இருந்தாலும் மற்றது வேலையை முடித்துவிடும், படம் சுத்தமாக விழும். ஆணுக்கு அந்தப் பிளேட் ஒன்றே ஒன்று, அதுவும் அம்மா கொடுத்தது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் என்கிற வேறு பிளேட். அதில் இந்த நிறச் சமாச்சாரமே கிடையாது. ஆகவே என் கணவர் மருந்திலேயே குளித்திருந்தாலும் இந்தக் கோளாறை மகனுக்குக் கொடுக்க அவரால் முடியாது. கொடுப்பதற்கு அவர் வழியில் பாதையே இல்லை. மருந்து தொடுகிறவர் உடம்பை மருந்து கெடுக்கலாம், அது வேறு வழக்கு. இந்த வழக்கில் அவர் நிரபராதி.

வந்தது என் வழியாகத்தான். என் இரண்டு பிளேட்டில் ஒன்று கோளாறு. மகனுக்கு எது போகும் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போல. இன்னொரு மகன் பிறந்திருந்தால் அவனுக்கும் புதிதாக ஒரு பூவா தலையா. எனக்கு அந்தப் பிளேட் என் அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம். அப்பாவுக்கு இதே குறை இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை; அவரிடம் இருப்பதே ஒரு எக்ஸ்தான், அதை மகளுக்குக் கொடுத்தே தீர வேண்டும். ஊர் லேபிளுக்கெல்லாம் சிவப்புப் பார்த்துச் சொன்ன நான்தான் இதைச் சுமந்து வந்தவள். வெட்கப்படவில்லை. நான் கேட்டு வாங்கியதும் இல்லை, தெரிந்து கொடுத்ததும் இல்லை. இப்போது மகனுக்குப் பெண் பார்க்கிறோம். எஞ்சின் போனாலும் இயந்திரப் பட்டறையில் நல்ல வேலையில்தான் இருக்கிறான். வருகிற வீட்டாரிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: அவனுக்கு மகன் பிறந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கோளாறு இவனிடமிருந்து வராது, மகள் பிறந்தால் அவள் என்னைப் போலச் சுமந்துகொண்டு, என்னைப் போலவே நன்றாகப் பார்ப்பாள்.

டாக்டரைப் பார்த்த அன்றைக்கே மகனைச் சிவகாசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் சாத்தூர் பஸ் ஏறினேன். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஓர் அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் வைத்திருந்த சான்றிதழால் விசிறிக்கொண்டார். அதில் அதிகாரியின் கையெழுத்து பச்சை மையில் இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா ஒரு முறை பரீட்சைத் தாள் ஒரு கட்டையே பச்சை மையில் திருத்திவிட்டார். பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு உரியது. சாதாரண வாத்தியார் தொடுவது மரியாதை இல்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, பச்சையில் போட்டால் மார்க் குறைந்துபோகுமா என்று அப்பா திருப்பிக் கேட்டார். அன்று முதல் அவருக்குத் திமிர் பிடித்த வாத்தியார் என்று பெயர். அதற்கப்புறம் அம்மா அவருடைய சிவப்புப் பேனாவில் மட்டும் நூல் சுற்றிக் கொடுத்தார். வழுக்காமல் இருக்க என்று நினைத்திருந்தேன்.

நான் போனபோது அப்பா பைபிளில் வசனங்களுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், பேனாவில் நூல் மட்டும் இருந்தது. அவரே சுற்றிக்கொள்கிறார் போலும். செருப்பைக் கழற்றிய கையோடு அந்தப் பேனாவை வாங்கி நூலைப் பிரித்தேன். மேசையிலிருந்த பச்சைப் பேனாவை அதன் பக்கத்தில் வைத்தேன். இதில் சிவப்பு எது என்று கேட்டேன்.

வெகுநேரம் பார்த்தார். "எம்புட்டுத் திமிரு உனக்கு," என்றார். குரலில் கோபம் இல்லை. பைபிளை மூடி வைத்துவிட்டு, "உங்க அம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும்," என்றார்.

பேரன் விஷயம் தெரிந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இது தன்னிடமிருந்து வந்திருக்கும் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. என் அண்ணன்கள் இருவரையும் சின்ன வயதிலேயே பழத்தையும் இலையையும் காட்டிச் சோதித்திருக்கிறார். இருவரும் சரியாகச் சொன்னதும், இது தன்னோடு ஒழிந்தது என்று கர்த்தருக்குத் தோத்திரம் பண்ணியிருக்கிறார். என்னைச் சோதித்தீர்களா என்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு அப்பன் வழியில் என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டேன் என்றார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீட்டை அண்ணன்கள் பேருக்கு எழுதினார், நிலத்தையும் அவர்கள் பேருக்கே எழுதினார், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு என்றார். நானும் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு சொத்து மாத்திரம் அண்ணன்களுக்கு ஒரு துளி போகாமல் முழுசாக எனக்கு வந்திருக்கிறது. உயில் எழுதாமலே வந்த பங்கு.

சிவகாசிக்கு வந்து இதை என் வீட்டுக்காரரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் போய் நான் என்னவென்று சொல்வது, நீயே சொல்லிக்கொள் என்றார். அப்போதுதான் எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது.

"நீங்க திமிர் பிடிச்ச வாத்தியார்னு பேர் வாங்குனீக, கண்ணு தெரியாத வாத்தியார்னு வாங்கல. அந்தப் பேரக் காப்பாத்திக்கிட நீங்க வாயை மூடிக்கிட்டீக. இப்ப அங்கன ஒரு மனுசன் தன் கையத் தானே வெறுத்துப்போய் உக்காந்திருக்காரு."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. டாக்டர் சொன்னதையும் அப்பா சொன்னதையும் கணவரிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னைத் தேற்றுவதற்காக உன் அப்பா மேல் பழி போடாதே என்றார். மகனுக்கோ, டாக்டர் சொன்னது பாதிதான் மண்டையில் ஏறியிருந்தது. தாத்தாவுக்கா, அவர் தினமும் பேப்பர் படிக்கிறாரே என்றான். விளக்கம் சொல்லி ஆகிற காரியம் இல்லை என்று தெரிந்தது. நான் அச்சகத்தில் டிசைன் போடுகிற பெண்ணை உட்காரவைத்து, நாலைந்து விதப் பச்சைப் புள்ளிகள், நடுவே சிவப்புப் புள்ளிகளால் ஓர் ஏழு என்று ஒரு தாள் தயார் செய்தேன். புள்ளிகள் ஒன்றுக்கொன்று கருமையில் காட்டிக்கொடுத்துவிடாமல் திருத்தித் திருத்தி எடுத்தேன். நான் சரிபார்த்த தாள்களிலேயே கடினமானது அதுதான். அப்பா வருவார் என்ற நம்பிக்கையில் செய்தேன். வராவிட்டால் இழுத்துக்கொண்டு வருவது என்று இருந்தேன்.

அப்பா வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, கையில் சாத்தூர் வெள்ளரிக்காய்ப் பையோடு வாசலில் நின்றார். என் கணவர் எழுந்து நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அப்பா என்னைப் பார்த்தார், வேறெங்கும் பார்க்கவில்லை. நான் தாளை எடுத்து நடுவில் வைத்தேன்.

முதலில் மகன் பார்த்தான். புள்ளிதான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றான். கணவர் எட்டிப் பார்த்தவுடன் ஏழு என்றார். அப்பா தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவருக்கு விடை தெரியும், என் கணவர் சொன்னது காதில் விழுந்திருக்கும். ஏழு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல," என்றார். பேரனைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் தாளை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் பக்கம் திரும்பினார். "மாப்ள, இது என் கண்ணு. உங்க கை இல்ல."

பச்சை மை விஷயத்தையும் அவரே சொன்னார், போனில் பேசியதற்கு வருத்தப்படுவதாகவும் சொன்னார். பேரன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டான். பழுத்த மிளகாயை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், இலையில் எது துவையல் என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே தந்திரங்கள் என்று தெரிந்ததும் இருவரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இலை போட்டேன். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கறியை ஊற்றிவிட்டு நகரும்போது மகன் தன் இலையை என் கணவர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினான்.

"நாளைக்கு ஆனைக்குட்டத்துக்கு நான் வண்டியில கொண்டு விடுறேன்பா," என்றான்.

அவர் தன் இலையில் கிடந்ததில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, தன் கையாலேயே மகன் இலையில் வைத்தார். மகன் அதைத்தான் முதலில் சாப்பிட்டான்.